குடி என்ற சொல்லோடு டொராண்டோவில்

டொராண்டோவில் இறங்கி வெளியே வந்ததும் என் காதில் விழுந்த முதல் தமிழ் வாக்கியத்திலேயே அந்தச் சொல் இருந்தது.

"குடிவரவில கன நேரம் நிண்டீங்களோ அன்ரி?" என்று கேட்டான் ஜீவன். என் மகள் பூரணி கட்டிக்கொள்ளப்போகிற பையன். கேட்டுக்கொண்டே என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான். குடிவரவு என்றால் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துகிற இடமாம். இலங்கைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நல்ல தமிழ்ச் சொல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் குடி என்பதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. என் கணவர் செல்வராஜ் குடித்தே செத்தவர். எட்டு வருஷம் ஆகிறது. அவர் இருந்த காலத்தில் நானும் பூரணியும் "அது" என்றுதான் சொல்லிக்கொள்வோம். "இன்னைக்கு அது உண்டா?" என்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்பாள். திருமங்கலத்தில் அவளோடு படித்த பிள்ளைகள் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். இதில் வேடிக்கை, ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சொல்லை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பு. வருவாய்த் துறையில் குடிவாரம் உண்டு, குடிமராமத்து உண்டு, குடியிருப்பு உண்டு. நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். காகிதத்தில் இருக்கிறவரை அந்தச் சொல் மிக யோக்கியமாக இருக்கும். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனால் வாசலில் விழுந்து கிடக்கும்.

ஜீவனின் பெற்றோர் மட்டக்களப்புப் பக்கம். அங்கே குடி என்றால் தாய்வழியாக வருகிற குலம். அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. அவனுடைய அம்மா முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார், பதறிவிடாதே என்று பூரணி போனிலேயே பாடம் நடத்தியிருந்தாள். நான் பதறவில்லை. ஆனாலும் விமான நிலையத்தில் அது காதில் விழுந்தபோது யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். அதற்கு நான் என்ன செய்யமுடியும்?

பூரணி இருப்பது டோர்செட் பார்க்கில், பதினேழாவது மாடியில். நான்கு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை. கூட ஒரு விஜயவாடாப் பெண் தங்கியிருக்கிறாள். கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று எப்போதும் பழுது, இன்னொன்று எப்போது பழுதாகும் என்று சொல்லமுடியாது. ஜீவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூரணி அதற்குள் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டபோது, கதவுக்கு வெளியே நின்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறான். கதவு திறந்தபோது பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவள் சொல்வாள். நம் ஊர்ப் பையன்கள் இந்த நாற்பது நிமிஷத்தில் தங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். குழாயில் ஒரே ஒரு கைப்பிடி. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. வெளியே இருந்து விஜயவாடாப் பெண் குரல் கொடுத்தாள். அவள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவாள். "குடி பக்கம் திருப்பாதீங்க ஆன்ட்டி, ஐஸ் தண்ணி" என்றாள். நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். தெலுங்கில் குடி என்றால் வலது. அவர்களுக்கு வலது கை, வலது கண், வலது பக்கம் எல்லாம் அதுதான். காலையில் சாப்பிடும்போது அதை விளக்கினாள். பிரெட்டில் ஊறுகாய் தடவித் தின்றுகொண்டிருந்தாள், நானும் தடவிப் பார்த்தேன், மோசமில்லை.

மூன்றாம் நாள் ஜீவன் வீட்டுக்குப் போனோம். அவனுக்கு வேலை இருந்ததால் பஸ்ஸில் போனோம். கென்னடி சாலையில் நேர் வடக்கே போனால் மில்லிக்கன். இதில் தப்புச் செய்யவே இடமில்லை என்று பூரணி சொன்னாள். நான் செய்தேன். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, நம் ஊர் வழக்கப்படி ரோட்டின் இடப்பக்கத்து நிறுத்தத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போய், வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அது தெற்கே போகிற பஸ். பத்து நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் போய், ஏப்ரல் மாதத்தில் பெய்கிற பனியில் இருபது நிமிஷம் நின்றோம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

சரியான பஸ்ஸில் எங்களுக்கு எதிரே ஒரு பஞ்சாபி அம்மா, என் வயது இருக்கும், மருமகளோடு உட்கார்ந்திருந்தார். பூரணியைக் காட்டி மருமகளிடம் ஏதோ சொன்னார். அதில் தெளிவாகக் குடி என்று கேட்டது. என் முகம் மாறியதைப் பூரணி பார்த்துவிட்டாள். "பஞ்சாபில குடின்னா பொண்ணும்மா. என்னை அழகான பொண்ணுன்னு சொல்றாங்க. நீ சண்டைக்குப் போயிடாத" என்று காதில் சொன்னாள். அந்த அம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்தார். எனக்கு ஒரே மகளா என்று விரலால் கேட்டார். ஒன்று என்று விரல் காட்டினேன். அவர் கையை மேலே தூக்கி ஆசீர்வாதம் மாதிரி ஏதோ செய்தார். தமிழுக்கும் பஞ்சாபிக்கும் இந்தச் சொல்லில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பூரணி போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

ஜீவனின் அம்மா பெயர் புவனேஸ்வரி. முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் இல்லை, ஒரே மகன். எங்களுக்காக லீவு போட்டிருந்தார். பிட்டு, கணவாய்க் கறி, இறால் போட்ட முருங்கைக்காய், பொரித்த கத்தரிக்காய் என்று மேசை நிறைய வைத்திருந்தார். கறியில் தேங்காய்ப் பால் தாராளம். எங்கள் பக்கத்தில் இத்தனை தேங்காய் ஒரு வாரத்துக்கு ஓடும். நான் மூன்று தடவை பிட்டு வாங்கினேன். மனிதர் நல்லவர் என்பதை முதல் கவளத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் பிறகு வந்தது கொஞ்சம் கூடுதலாக வலித்தது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. கல்யாணத்துக்குத் தான் தடை இல்லை, பூரணியைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். ஆனால் பிள்ளைகள் தாயின் குடிக்குத்தான் போகும். பூரணிக்குக் குடி இல்லை. அப்படியானால் தன் பேரப்பிள்ளைகளுக்கும் இல்லை. இங்கே அவர்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கோயில் வைத்திருக்கிறார்கள். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்கு உரியது. குடி இல்லாத பிள்ளை அங்கே எந்த நாளிலும் முன்னால் நிற்கமுடியாது. கல்யாணத்தைக் கோயிலில் வைக்கவும் முடியாது, பெண் என்ன குடி என்று கேட்டுத்தான் எழுதுவார்கள். பதிவு ஆபீசில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தன் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

நான் அந்தச் சமயத்தில் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கைப்பையிலிருந்து ஃபைலை எடுத்து மேசையில் பரப்பினேன். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, எல்லாம் சான்றொப்பம் இட்டது. செ. பூரணி, தகப்பனார் பெயர் செல்வராஜ் என்று வரிசையாக இருந்தது. புவனேஸ்வரி ஒவ்வொன்றாக மரியாதையோடு பார்த்தார். பிறகு, "இது எல்லாம் தேப்பன்ட பக்கம் அக்கா" என்று மெல்லச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் ஊரில் அது செல்லாத நோட்டு.

ஒரு வழி இருக்கிறது என்றார். தவமணி என்று ஒருவர், அவர்களுடைய பழைய சிநேகிதி. வேறு குடி, காலிங்கா குடி. ஜீவன் பணிக்கனார் குடி, அதனால் பொருந்தும். தவமணிக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். அவர் பூரணியை மகளாக ஏற்றுக்கொண்டு கோயில் புத்தகத்தில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஊரில் இப்படிச் செய்ததாகத் தனக்குத் தெரியாது, இங்கே ஒரு குடும்பம் செய்திருக்கிறது. பெற்றவள் வந்து சம்மதம் என்று வாயால் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

பதினைந்து வயதுக்கு மேல் தத்து கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றேன். சட்டத்தைக் கனடாவில் உட்கார்ந்து ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு சொல்ல வரவில்லை. பூரணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பஸ்ஸில் போகத் தெம்பில்லை என்று டாக்ஸி பிடித்தோம். வண்டியில் ஏறியதும் நான் சண்டையைத் தொடங்கினேன். ஒரு நோட்டில் எழுதுவதுதானே, அதனால் நீ என் அம்மா இல்லையென்று ஆகிவிடுமா என்றாள் பூரணி. எழுதுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷம் வாரிசுச் சான்று எழுதினவள் என்றேன். எழுதாததால் சொத்தை இழந்து நடுத்தெருவில் நின்றவர்களை எனக்குத் தெரியும். குடியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், உனக்கு அந்தச் சொல் இன்னுமா வேண்டியிருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "சின்ன வயசுல அந்த வார்த்தைய வச்சுத்தான் என்னை ஓட ஓட விரட்டுனாங்க. இங்க ஒருத்தங்க, நீ என்ன குடின்னு மரியாதையா கேக்குறாங்க. பதில் சொல்ல ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு தோணுதும்மா. தப்பா?"

தப்பில்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி இருந்தார். வட நைஜீரியாக்காரர். மன்னிக்கவேண்டும், உங்கள் மொழி எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு சொல் தெரியும் என்றார். அவர் பேசுவது ஹவுசா. அதில் குடி என்றால் பணமாம். இந்த வண்டியில் ஏறுகிற குடும்பங்கள் முக்கால்வாசி அதற்காகத்தான் சண்டை போடுகின்றன, நீங்களும் அதுதானே என்றார். பூரணி அழுகையும் சிரிப்புமாக, இல்லை, எங்களுக்கு வேறு என்றாள். அந்தக் காலத்தில் சோழியைப் பணமாகப் புழங்கினார்கள், சொல் அங்கிருந்து வந்தது என்று அவர் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். சிக்னலில் நிற்கும்போது மட்டும் நிறுத்துவார்.

இரண்டு நாள் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் வேலைக்குப் போனாள், நான் ஜன்னலில் நின்று கார்களை எண்ணினேன். மூன்றாம் நாள் தவமணி போன் செய்தார். என்னைத் தனியாகப் பார்க்கவேண்டுமாம். பார்க்டேல் போகலாமா, தான் முதன்முதலில் வந்து இறங்கிய இடம் அது என்றார். மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

அறுபத்தாறு வயது. என்னைவிட ஐந்து மூப்பு. குட்டையான உருவம், முழங்கால்வரை கறுப்புக் கோட்டு, அதற்குள் சேலை. ஆபீஸ் கட்டடங்களைத் துப்புரவு செய்து பிள்ளைகளை வளர்த்தவர். சுரங்க ரயிலில் போய், பிறகு டிராம் ஏறினோம். வழியில் டிராம் பாதியிலேயே நின்று, இதற்கு மேல் போகாது, எல்லோரும் இறங்குங்கள் என்று அறிவித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. திருமங்கலத்தில் இப்படி நடந்தால் டிரைவர் வீட்டுக்குப் போயிருக்கமாட்டார். இங்கே எல்லோரும் கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். நாங்களும் நடந்தோம்.

தவமணி தான் இருந்த கட்டடத்தைக் காட்டினார். ஒரு அறையில் இரண்டு குடும்பம், நடுவில் கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டிருந்தார்களாம். அந்தத் தெருவில் இப்போது திபெத்தியக் கடைகள். ஒன்றில் ஏறி மோமோ சாப்பிட்டோம். கொழுக்கட்டைக்குள் காரமாகக் கறியை வைத்த மாதிரி. குளிருக்கு இதமாக இருந்தது. இரண்டாவது தட்டும் வந்தது.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், மூன்று பேரும் மூன்று ஊரில். ஆனால் மகன் வழியில் குடி போகாது. திருவிழாவில் ஏழாம் நாள் காலிங்கா குடிக்கு உரியது. இந்த ஊரில் அந்தக் குடியில் பெண் என்று மிஞ்சியிருப்பது இவரும் நடக்கமுடியாத இரண்டு பேரும். இருநூறு பேருக்குப் பொங்கலும் வடையும் இவர் ஒருவரே நின்று செய்கிறார். தாயின் வயிற்றிலிருந்து வரும் கிளையை வயிற்றுவார் என்கிறார்கள். அவர்கள் பேச்சில் அது வயித்துவார்.

"நான் போனா என்ட வயித்துவார் முடிஞ்சுது. ஏழாம் நாளை வேற ஆக்களுக்குக் குடுத்திருவாங்கள்" என்றார். "உங்கட மகளை உங்களிட்ட இருந்து பறிக்கவெண்டு நான் வரயில்ல. ஆனா கேக்காம இருக்கவும் ஏலாம இருக்கு."

இப்படி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டு நான் பார்த்ததில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாம் உரிமை என்றார்கள், இல்லாவிட்டால் கவரை நீட்டினார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவர் பூரணியின் பெயரைச் சொன்ன விதம் அப்படி.

மறுநாள் துணி துவைக்க நிலவறைக்குப் போனேன். கட்டடத்துக்கே பொதுவாகப் பன்னிரண்டு மெஷின். துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சும்மா இருக்க என்னால் முடியாது. ஒரு பீட்சாக் கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில், பழைய பழக்கத்தில், வாரிசு வரைபடம் போட்டேன். தவமணி ஒரு கட்டம், நான் ஒரு கட்டம், எனக்குக் கீழே பூரணி. தவமணியிலிருந்து பூரணிக்குக் கோடு போடவேண்டும், என்னிடமிருந்து வருகிற கோட்டை அடிக்கவேண்டும். பேனாவை வைத்துவிட்டேன். அடிக்க முடியவில்லை.

வாரிசு வழக்கில் சிக்கல் வந்தால் கீழே குடையாதே, ஒரு படி மேலே ஏறிப் பார் என்று எனக்குக் கீழே இருந்தவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மேலே பார்த்தேன். தவமணியின் கட்டத்தையும் என் கட்டத்தையும் பக்கவாட்டில் ஒரு கோட்டால் இணைத்தேன். நான் அவருக்குத் தங்கை. நான் காலிங்கா குடி என்றால் என் மகள் தானாகவே காலிங்கா குடி. அவளை யாரும் யாருக்கும் கொடுக்கவேண்டியதில்லை. பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அங்கிருந்தே தவமணிக்குப் போன் செய்தேன். பூரணியை விடுங்கள், என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்குச் சகோதரமெண்டு ஒருத்தரும் இல்ல" என்றார். உடனே புவனேஸ்வரியையும் அழைப்பில் சேர்த்தார். புவனேஸ்வரி கோயில் பொறுப்பாளரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். பொறுப்பாளரை அவர்கள் வண்ணக்கர் என்கிறார்கள். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஒரு நாள் யோசித்திருக்கிறார். தாய் வந்தால் பிள்ளை தானாக வரும், அதுதான் எங்கள் வழமை, இதில் என்ன பிழை என்று சொல்லிவிட்டாராம். பூரணி அன்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தாள். அறுபத்தொரு வயசுல தத்துப் போற ஒரே ஆள் நீதான் என்று கட்டிக்கொண்டாள். அந்த நான்கைந்து நாளில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில். மில்லிக்கனில் ஒரு டயர் கடைக்கு அடுத்த கிடங்கு. வெளியே பார்த்தால் கோயில் என்று தெரியாது. உள்ளே கர்ப்பூர வாசம், கம்பளம், ஈரக் காலுறைகளோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தவமணி எனக்கு மஞ்சள் சேலை ஒன்று கொடுத்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். மந்திரம் பெரிதாக இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். புவனேஸ்வரி அழுதார். ஜீவன் வேலை ஷூவோடு வாசலில் நின்றான்.

பிறகு வண்ணக்கர் புத்தகத்தைத் திறந்தார். கையால் கோடு போட்ட பெரிய பேரேடு. பேரேடுகள் எனக்குப் புதிதல்ல, தலைப்பை முதலில் படித்துவிடுவேன். பெயர், தாயின் பெயர், குடி, வயிற்றுவார். நான்கே பத்தி. தகப்பன் பெயருக்கு இடம் எங்கே என்று என் கண் தானாகத் தேடியது. இல்லை. செல்வராஜின் தலையெழுத்து இல்லாமல் என் மகள் ஏறப்போகிற முதல் புத்தகம் இது என்று நினைத்தபோது, எனக்கு ஒளிக்கத் தெரியாத ஒரு சந்தோஷம் வந்தது.

முதலில் என் வரி. பெயரைச் சொன்னேன், ராமலட்சுமி. எழுதினார்.

"தாயின்ட பேர்?" என்று கேட்டார்.

முப்பத்திரண்டு வருஷ அனுபவம். இது எனக்குத் தோன்றவே இல்லை. பீட்சாக் கடைத் தாளில் என் கட்டத்துக்கு மேலே இடம் இருக்கவில்லை, தாள் அங்கேயே முடிந்துவிட்டது. தவமணிக்கு நான் தங்கை என்றால் அவருடைய தாய்தான் என் தாய். அவர் பெயர் பொன்னம்மா என்று மேல் வரியில் தவமணிக்கு நேரே எழுதியிருந்தது.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு வேலை கிடைத்த முதல் நாள் கூடவே வந்து, தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். நான் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கவேண்டும் என்றாள். உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். அவளுடைய சேலை எனக்கு வெட்கமாக இருந்தது. என் பள்ளிச் சான்றில் அப்பா பெயர், பணிப்பதிவேட்டில் கணவர் பெயர். போன வருஷம் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் ஒரு படிவம் முதன்முதலாக அவள் பெயரைக் கேட்டது. அந்தப் பாஸ்போர்ட் அப்போது என் கைப்பையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவள் இருந்தாள்.

தவமணி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டார். அவரும் இதை யோசித்திருக்கவில்லை.

"தங்கச்சி, ஏலாதெண்டா நிப்பாட்டுவம்" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பூரணி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"பொன்னம்மா" என்றேன். "எழுதுங்க."

வண்ணக்கர் எழுதினார். அழகான கையெழுத்து. அடுத்த வரியில் பூரணியின் பெயரை எழுதி, தாயின் பெயர் என்ற இடத்தில், என்னைக் கேட்காமலே, ராமலட்சுமி என்று எழுதினார். அதற்கு நேரே காலிங்கா குடி என்று எழுதி, மை காய்வதற்காகப் புத்தகத்தைத் திறந்தபடி வைத்தார். எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள்.

என் அம்மாவின் பெயர் முத்தம்மாள்.